மண் காத்தவை

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களால் பெயர் பெற்ற ஊர் தம்பலகாமம். அங்கிருந்து திருக்கோணமலைக்குப் புகையிரதத்தில் செல்வோர், நெல்லின் பசுமை மறையும் முன்பே சீனக்குடாவை அடைந்துவிடுவர். அங்கே காட்டு மரங்களிடையே மாபெரும் இரும்பு எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் பிரித்தானியர் தம் கடற்படைக்கு எரிநெய் சேமிக்க எழுப்பியவை அவை. இன்று எஞ்சியிருப்பவை 99.

குதங்கள் வெளியே தெரிபவை. மண்ணுக்குள் மறைந்திருப்பதைக் காண விழைவோர் துறைமுகத்தின் வாயிலில் உள்ள ஒஸ்டன்பேர்க் முனைக்குச் செல்லவேண்டும். ஒல்லாந்தர் கோட்டை இருந்த அம்மேட்டில், கடற்படைத் தளத்தினுள்ளே, ஹூட்ஸ் கோபுர அருங்காட்சியகம் உள்ளது. கடற்படையின் அனுமதி பெற்றே உள்ளே செல்லலாம். பீரங்கி மேடைகளின் கீழே வெடிபொருள் அறைகளும், அவற்றுக்குச் செல்லும் சுரங்க வழிகளும் இருக்கின்றன.

வெளியே கண்ணைக் கூசச் செய்யும் வெயில். நாலு படி இறங்கினால் இருளும் ஈரமும் சூழ்ந்துகொள்கின்றன. இளைஞர் கூட்டம் ஒன்று உள்ளே நுழைந்தால் முதலிற் செய்வது கூவிப் பார்த்து எதிரொலி கேட்பதே. அது குற்றமன்று. ஆனால் எதிரொலி அடங்கிய பின்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சுரங்கம் யாரைக் காப்பதற்காகக் குடையப்பட்டது?

பீரங்கிக்கு அருகிலேயே குண்டும் மருந்தும் வேண்டும்; அவை வெளியே கிடந்தாலோ பகைவன் எறியும் ஒரு குண்டு அனைத்தையும் வெடிக்கச் செய்துவிடும். ஆகவே அவற்றை மண்ணுக்குள் வைத்து, வேண்டும்போது மேலே ஏற்றினர். அக்காலத்து வெடிமருந்து அறைகளுள் ஆணி அடித்த காலணியோடு எவரையும் விடுவதில்லை. ஒரு சிறு பொறியே போதும் அல்லவா? அத்துணைக் கவனத்துடன் காக்கப்பட்டவை வெடிகுண்டுகள்.

சோதனை நாள் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் வந்தது. நான்கு நாள்களுக்கு முன் கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கடற்படை, அன்று காலை திருக்கோணமலை மீது தன் விமானங்களை ஏவியது. ஒஸ்டன்பேர்க் பீரங்கிகள் கடலை நோக்கிக் காத்திருந்தன. பகையோ வானில் வந்தது. அவற்றின் குறிக்கு எட்டும் தொலைவில் ஒரு யப்பானியக் கப்பலும் வரவில்லை. துறைமுகமும் விமானத்தளமும் தாக்கப்பட்டன. சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று பற்றிப் பல நாள் எரிந்தது. ஊர் மக்கள் பலர் குழந்தை குட்டிகளோடு உள்ளூர்ப் பகுதிகளுக்கு ஓடினர்.

தாக்குதல் வரும் என்றறிந்து, முதல் நாள் இரவே கப்பல்கள் பலவற்றைத் துறைமுகத்திலிருந்து வெளியேற்றியிருந்தனர். அவற்றுள் ஒன்று ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல். அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. பாதுகாப்புத் தேடிச் சென்ற அக்கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் கண்டு மூழ்கடித்தன. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கே இருந்தால் உயிர் தப்பலாம் என்பதை எவர்தாம் முன்னரே அறிவார்?

வியட்நாம் நாட்டில் வின் மொக் என்றொரு கடற்கரை ஊர் உண்டு. 1960களில் அமெரிக்க விமானங்களின் குண்டுகளுக்கு அஞ்சி அவ்வூர் மக்கள் தாமே மண்ணைக் குடைந்து உள்ளே வாழ்ந்தனர். அங்கே கிணறு இருந்தது, அடுப்பு எரிந்தது, குழந்தைகளும் பிறந்தன. இன்று அச்சுரங்கத்தைக் காணச் செல்வோர், தாய்மார் பிள்ளை பெற்ற சிற்றறையின் முன் தலை குனிந்து நிற்கின்றனர். அங்கே மண் மக்களைக் காத்தது. ஒஸ்டன்பேர்க்கில் வெடிமருந்தைக் காத்தது. இரண்டும் சுரங்கமே, ஆயினும் இரண்டையும் ஒரே கண்ணாற் காண்பது தகுமா?

திருக்கோணமலை மண் வேறொன்றையும் காத்தது. 1620களிற் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தனர். அக்காலத்தில் அடியார்கள் திருவுருவங்களை மறைத்து வைத்தனர் என்றும், வழிபாடு தம்பலகாமத்து ஆதிகோணேசர் கோயிலில் தொடர்ந்தது என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லிவந்தனர். 1950ஆம் ஆண்டு திருக்கோணமலையிற் கிணறு தோண்டியபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மண் அவற்றைச் சுமந்திருந்தது!

1957ஆம் ஆண்டு பிரித்தானியர் கடற்படைத் தளத்தை விட்டு நீங்கினர். அவர்கள் விட்டுச் சென்ற சுரங்கங்கள் இன்று காட்சிப் பொருள்கள். கிணற்றில் வெளிப்பட்ட திருமேனிகளோ மீண்டும் கோயில் புகுந்து பூசை பெறுகின்றன.

ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே நாளில் மூன்றிடங்களுக்குச் செல்லலாம். முதலில் சுரங்கம். அடுத்து, நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைகள்; அங்கே இளவயதில் மாண்டவர்களின் பெயர்களைப் பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும். பின்பு மாலையில் தம்பலகாமம் திரும்பி, ஆதிகோணேசர் கோயிலின் விளக்கொளியில் சற்று நேரம் அமரட்டும். எதனை மண்ணுக்குள் வைத்துக் காப்பது மனிதர்க்கு அழகு என்று அப்போது கேட்டால், பிள்ளைகளே விடை சொல்லிவிடுவார்கள்.