அட்டையா, ஆஸ்பத்திரியா?

(இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் உங்களில் ஒருவர் போனில் கேட்டார்: "அக்கா, கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொட்டுற பணத்தைக் குடும்பத்துக்கு ஒரு காப்பீடுன்னு குடுத்துட்டா என்ன? நம்ம ஜனமும் பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமே?" நேர்மையான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று. நான் அரசு மருத்துவமனையில் 20 ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்தவள். எனக்குச் சார்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

அட்டையின் கதை பெரிதல்ல. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும் குடும்பங்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசே ஒரு தனியார் காப்பீட்டு கம்பெனிக்குக் கட்டியது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. காப்பீட்டு நிறுவனம் பொதுத்துறைக்கு மாறியது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டம் இதோடு சேர்ந்தது, வரம்பு 5 லட்சம் ஆனது. ஆட்சிகள் மாறின, அட்டை தொடர்ந்தது.

எங்கள் ஊர்ச் சேரியில் ஒரு பெரியவர், கூலி வேலை செய்தவர். அந்த அட்டையை வைத்துத்தான் தனியார் மருத்துவமனை ஒன்றில் அவருக்கு பைபாஸ் நடந்தது. பிழைத்து வந்தார். வந்து என்னிடம் சொன்னது ஆபரேஷனைப் பற்றி அல்ல. "நர்சம்மா, என் வயசுக்கு மொத தடவையா செருப்போட உள்ள போயி, எல்லாருக்கும் சமமா சேர்ல உக்காந்தேன்" என்றார்.

இதைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது. மருத்துவத்தைப் பொதுத்துறையில் வைக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகிற நாம், அரசு மருத்துவமனை வாசலில் நம் ஜனத்தை "ஏய், தள்ளி நில்லு" என்று விரட்டுகிற குரலைப் பற்றிப் பேசுவதே இல்லை. எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு ஊசி போடுகிற கை மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே சாதி இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

ஆனால் அந்தப் பெரியவருக்கு ரொம்ப நாளாகவே தலைசுற்றலும் மூச்சு வாங்குவதும் இருந்தது. யாரும் பிரஷர் அளந்து பார்க்கவில்லை. அளந்து, தினமும் ஒரு மாத்திரை கொடுத்திருந்தால் நெஞ்சைப் பிளக்கும் நிலை வராமலே போயிருக்கலாம். அட்டை அந்த மாத்திரைக்குச் செல்லாது. படுக்கையில் சேர்த்தால்தான் செல்லும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது, சுகர் மாத்திரை, பஸ் காசு, இழந்த நாள் கூலி எல்லாம் நம் தலையில். ஏழைக் குடும்பம் வைத்தியத்துக்குக் கையிலிருந்து போடுகிற காசில் பெரும் பங்கு மருந்துக்குத்தான் போகிறது.

அந்த மாத்திரை இன்று அவருக்கு வருவது மக்களைத் தேடி மருத்துவம் மூலமாக, 2021இல் தொடங்கிய திட்டம். இப்படி மருந்து கொடுக்க முடிவதற்குப் பின்னால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 1994இல் தொடங்கி, மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்கு வழியாக அனுப்புகிற ஏற்பாடு. இதற்கெல்லாம் அட்டை மாதிரி படம் போட்ட விளம்பரம் கிடைப்பதில்லை.

படுத்தால்தான் பணம் என்றால், படுக்க வைக்க ஒரு காரணம் கண்டுபிடிக்கப்படும். 2008இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரிய ஸ்வஸ்த்ய பீமா யோஜனாவில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய். 2012இல் சத்தீஸ்கரிலும் பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்திலும் என்ன வெளியே வந்தது என்று தேடிப் படியுங்கள். அந்தப் பணத்துக்காக, தேவையே இல்லாமல் ஏழைப் பெண்களின் கருப்பையை எடுத்ததாகத் தனியார் மருத்துவமனைகள் மீது புகார்கள் குவிந்தன. வயிற்று வலி என்று போன பெண்கள் அவர்கள்.

அப்படியென்றால் காப்பீடே கூடாதா? அப்படி இல்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்தக் காலத்தில்தான், 1943இல், தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்குத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு பேராசிரியர் அதார்கரிடம் தரப்பட்டது. அந்த வழியில் 1948இல் வந்ததுதான் இ.எஸ்.ஐ. சட்டம். அதுவும் காப்பீடுதான். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பணம் ஆஸ்பத்திரியாகவும் டிஸ்பென்சரியாகவும் நிற்கிறது. சாதாரண இருமலுக்கும் மருந்து, படுத்த நாட்களுக்குக் கூலியில் ஒரு பங்கு, பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு. அட்டைத் திட்டத்தில் தனியாருக்குப் போன பணம் பில்லோடு முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டு தீர்ந்தால் நம் கையில் ஒரு கட்டில்கூட மிஞ்சாது.

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அரசு மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீசியன், மருந்தாளுநர் ஒவ்வொரு இடத்திலும் இடஒதுக்கீடு இருக்கிறது. நானே அப்படி வந்தவள்தான். தனியாரில் கிடையாது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லும் வரை எவ்வளவு போராட வேண்டியிருந்தது! அந்த ஒதுக்கீடுதான் ஒரு கிராமத்துப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உட்கார வைக்கிறது, பிறகு நிபுணராகவும் ஆக்குகிறது. பொது மருத்துவமனை சுருங்கினால் இந்த ஏணியும் சேர்ந்து சுருங்கும். தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்டதில் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. வார்டைக் கூட்டுகிறவர்களில் பெரும்பாலோர் நம் தெருக்காரர்கள். நிரந்தர வேலையாக இருந்தது இன்று கம்பெனி கூலி. பொது மருத்துவமனைக்காகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை. இல்லாதவர்கள் உடனே எடுங்கள். உயிர் போகிற நேரத்தில் எது பக்கமோ அங்கே ஓடுங்கள், கொள்கை பார்க்காதீர்கள். நேரம் இருக்கிற சிகிச்சை என்றால் அதே அட்டையை அரசு மருத்துவமனையில் கொடுங்கள். காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே போகும். தனியாரில் அட்டை வாங்கிய பிறகும் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் தொகை குறைந்த அதிசயத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பணியிடம் காலி, எந்த மருந்து இல்லை, நோயாளியை மரியாதை இல்லாமல் பேசினால் யாரிடம் புகார் கொடுப்பது என்று எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். தீர்மானமாக ஏற்றச் சொல்லுங்கள். காலிப் பணியிட விவரம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், கட்டணம் 10 ரூபாய். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், சேர்ந்து எழுதலாம்.