மழை பெய்தும் காய்ந்த காடு



ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பக்கம் போய்வந்த சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "இது மழை பெய்கிற நாடுதானே, மலை முழுக்க மரங்கள் ஏன் பட்டுப்போய் நிற்கின்றன?"

2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளும் அங்கே கடும் வறட்சி. 2018 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை ஜேர்மனி ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஹெக்டேயர் காட்டை இழந்ததாக ஜேர்மன் விண்வெளி ஆய்வு மையம் செய்மதிப் படங்களைக் கொண்டு கணக்கிட்டது. மழை குறைந்தது உண்மை. ஆனால் பெய்த மழையும் காட்டு நிலத்தில் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்குவதில்லை.

நத்தார் மரம்போலக் கூம்பாக நிற்கும் 'ஃபிக்டெ' மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் அதில் ஊசியிலை இருக்கும். சிறு தூறல் என்றால் பெரும்பகுதி இலையிலேயே தங்கி ஆவியாகிவிடும். பெருமழை என்றாலும், சரிந்த கிளைகள் கூரைபோலத் தண்ணீரை வெளிவிளிம்பில் வடியவிடும். அதனால் அடிமரத்தைச் சுற்றி மண் காய்ந்திருக்கும். 'பூகெ' மரம் இதற்கு எதிர்மாறு. அதன் கிளைகள் மேல்நோக்கி நிற்கும், பட்டை வழுவழுப்பானது. மழைநீர் அடிமரம் வழியே ஓடிவந்து வேரடியில் இறங்கும். மாரியில் இலை உதிர்ந்துவிடுவதால் மழையும் பனியும் தடையின்றி நிலத்துக்கு வரும்.

ஊரில் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேல்மண் நனைந்தால் மட்டும் போதாது, தண்ணீர் கீழே இறங்கவேண்டும். 2018 வறட்சிக்குப் பின் மழை வந்தும், பல இடங்களில் ஆழ்மண் அடுத்த ஆண்டும் காய்ந்தே கிடந்தது. ஃபிக்டெயின் வேர்கள் பெரும்பாலும் மேலாகவே படர்பவை. மேல்மண்ணோ முதலில் காயும். தண்ணீர் இல்லாத மரத்தால் போதிய பிசின் சுரக்க முடியாது. பிசின் இல்லாவிட்டால் பட்டையைத் துளைக்கும் வண்டைத் தடுக்க வழியில்லை. இரண்டாம் உலகப்போரின் பின் வெட்டப்பட்ட காடுகளில் இந்த ஒரே மரத்தைப் பெருமளவில் நட்டதன் விளைவை இப்போது பார்க்கிறோம். பூகெயும் முழுதாகத் தப்பவில்லை. ஆகவேதான் இன்று பலவகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள்.

ஹார்ஸ் தேசியப் பூங்காவில் பட்ட மரங்களை நிறைய அப்படியே விட்டிருக்கிறார்கள். அது கவலையீனம் அல்ல. விழுந்து உக்கிய மரம் பஞ்சுபோல ஈரத்தை வைத்திருக்கும், அதன்மேல் புதுக் கன்றுகள் முளைக்கும். வேரோடு சாய்ந்த மரம் விட்ட குழியிலும் ஈரம் தங்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காட்டுக்குப் போனால், பிள்ளைகளை ஃபிக்டெயின் அடியிலும் பூகெயின் அடியிலும் மண்ணைக் கிளறித் தொட்டுப்பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: நேற்று மழை பெய்தது என்று நம்பிக் காட்டுக்குள் நெருப்பு மூட்டாதீர்கள். கீழே மண் ஈரமாக இருந்தாலும், மேலே கிடக்கும் சருகு கொஞ்ச நேர வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிடும். பல மாநிலங்களில் மார்ச் முதல் ஒக்டோபர் வரை காட்டில் புகைபிடிக்கவே தடை.