உலருணவு அட்டையும் பாதிப் படமும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



டொக்டர் என்றபடியால் நீரிழிவைப் பற்றித்தான் பேசப்போகிறோம் என்று சிலர் பயந்திருப்பீர்கள். அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் மூன்று பேர் பார்த்த முதல் வேலையைப் பற்றி, அந்த மூவர் சார்பிலும் சொல்ல வந்தோம்.

1990 ஆனியில் காங்கேசன்துறையை விட்டு வெளிக்கிட்டபோது எங்களுக்குப் பதினொரு வயது. சீமெந்துத் தொழிற்சாலையும் யாழ்தேவியும் அந்த ஆண்டோடு நின்றன. அதற்குப் பிறகு எங்கள் பாடசாலை என்பது இரவல் கட்டடத்தில் நடந்த பின்னேர வகுப்புகள்தான். 1998இல் உயர்தரம் எடுத்தோம். பெறுபேறு வந்தும் பல்கலைக்கழகம் கூப்பிட ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. சும்மா இருக்க வீட்டில் வசதியில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களின் உலருணவு அட்டைகளைப் பதியும் ஒரு கந்தோரில் தற்காலிக எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தோம். நாட்சம்பளம். லீவு எடுத்தால் காசில்லை.

முதல் நாள் காபன் தாளைத் தலைகீழாக வைத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினோம். பிரதியெல்லாம் தாளின் முதுகில் விழுந்திருந்தது! பெரியவர் ஒருவர் ஏசாமல் புதுத்தாள் தந்தார். எழுதிய பெயர்களில் பாதி எங்கள் ஊர்ப் பெயர்கள். "சொந்த இடம்" என்ற கட்டத்தில் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, மாவிட்டபுரம் என்று எழுதி எழுதிக் கை உளைந்தது.

சனி, ஞாயிறு எங்களுடையவை. ஒருத்தியின் மாமி வீட்டில் பழைய டெக் ஒன்று இருந்தது. ஊரடங்குக்கு முன் வீடு திரும்பவேண்டும் என்பதால் ஒரு படத்தைச் சனிக்கிழமை பாதி, ஞாயிறு பாதி என்று பார்ப்போம். "காதலிக்க நேரமில்லை"யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடத்தை மட்டும் மூன்று தரம் திருப்பிப் போட்டோம். புதுப்படக் கசெற்றுக்கு வாடகை கூட. பழையதுக்குக் குறைவு. பழைய படங்களில் எங்களுக்கு வந்த ரசனை அப்படித்தான் தொடங்கியது. அதை மறைப்பதற்கில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மூடுகிற நேரத்தில் முகாமிலிருந்து ஒரு அம்மா வந்தா. படிவத்தில் கிராம சேவையாளரின் முத்திரை இல்லை. "முத்திரை குத்திக்கொண்டு வாங்கோ அம்மா" என்று திருப்பி அனுப்பினோம். விதி அதுதான், பிழையில்லை. திங்கட்கிழமை விடிய பட்டியல் மேலே போய்விடும் என்பதை மட்டும் சொல்ல மறந்துபோனோம். அவ ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனா.

அடுத்த நாள் போட்ட படம் ஸ்ரீதரின் "நெஞ்சில் ஓர் ஆலயம்", 1962இல் வந்தது. முழுக்க ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற கதை. மருத்துவ பீடத்துக்குக் காத்திருந்த எங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் பாதியில் ஒருத்தி, "அந்த அம்மாவுக்குத் திங்கள் என்று சொன்னனாங்களோடி?" என்று கேட்டாள். பிறகு யாரும் படத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை மூன்று சைக்கிளில் முகாமுக்குப் போனோம். அவவைத் தேடிப் பிடித்து, கிராம சேவையாளர் வீட்டுப் படலையில் காத்திருந்து, முத்திரை குத்தியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அவ பனங்கட்டியோடு பிளேன்ரீ தந்தா. திங்கள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பட்டியல் போய்விட்டது. அடுத்த மாதம்தான் அந்தக் குடும்பத்தின் பெயர் ஏறியது. அந்த ஒரு மாதம் அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று அவ சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் துணிவு வரவில்லை.

இன்று கிளினிக்கில் யாரையாவது "ரிப்போட் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பும்போது, எந்த நாளுக்குள், எத்தனை மணிக்குள் என்று இரண்டு தரம் சொல்கிறோம். தாதிமார் சிரிப்பார்கள்.

படத்தின் மறுபாதியை மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருடத்தில்தான் பார்த்தோம். பழைய காதலியின் கணவனுக்கு ஒப்பரேஷன் செய்து காப்பாற்றிவிட்டு டொக்டர் இறந்துபோகிறார். நித்திரையில்லாமல் அப்படி வேலை செய்யக்கூடாது என்பது எங்கள் வைத்திய அபிப்பிராயம். ஆனாலும் அழுதோம்.

2015 தையில் ரயில் திரும்பவும் காங்கேசன்துறைக்கு வந்தபோது நாங்கள் மூவரும் சேர்ந்து ஏறவில்லை. ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில். அந்தக் கசெற்றைத் திருப்பிக் கொடுக்கப் பிந்தியதற்கு இரட்டை வாடகை கட்டியது நாங்கள்தான். இந்தப் பேச்சு மலரில் வந்து உங்கள் இருவர் கையிலும் கிடைத்தால், பிள்ளைகளே, உங்கள் பங்கை அனுப்பி வையுங்கோ. இல்லையென்றால் நேரில் கொண்டுவாங்கோ, அதுதான் நல்லது.