இரவு வானின் இருள்குமிழ்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரை)



இரவைப் பாடுவோர் பலரும் அதனை உறக்கத்தின் உருவாகவே காண்பர். தென்காசிக் கோபுரத்தின் மேல் விரிந்த வானமும் அசைவற்றதாகவே தோன்றும். ஆனால் 250 கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்வது வேறு.

பகலில் கதிரவனின் புறஊதாக் கதிர்கள் மேல்வளியின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. அவ்வாறு அமைவதே அயனி மண்டலம். அந்திக்குப் பின் பிரிந்தவை மீண்டும் கூடுகின்றன. காற்றுச் செறிந்த கீழ்ப்பகுதியில் இக்கூடல் விரைவு; மேலே மந்தம். எனவே அடர்ந்த அடுக்கு மேலும், அடர்வற்றது கீழுமாக நிற்கும். எண்ணெயின்மேல் நீரை ஊற்றினால் எண்ணெய் குமிழாக மேலெழும் அன்றோ? அவ்வாறே அடர்வு குன்றிய பகுதிகள் எழுந்து, சில இரவுகளில் 1000 கிலோமீட்டரையும் கடக்கின்றன. குமிழினுள் எலெக்ட்ரான் அடர்த்தி, சூழ்ந்துள்ளதில் நூறில் ஒரு பங்காகக் குறைவதும் உண்டு.

இவற்றின் பிறப்பிடம் புவிகாந்த நடுக்கோட்டுப் பகுதி. அக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. மலைக்கு அப்பால் உள்ள தும்பா, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவும் தளமானதும் அதனாலேயே. அந்த ராக்கெட் உமிழ்ந்த சோடியம் ஆவி, அந்தி வானில் செம்மஞ்சள் முகிலாக ஒளிர்ந்தது. பின்னர் நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஆக்சிஜன் அணுக்கள் இரவில் உமிழும், கண்ணுக்கு எட்டாத செவ்வொளியை அங்குள்ள ஒளிப்படக் கருவி பதிவு செய்தது. அதன் நடுவே வடக்கு தெற்காக நீண்ட கருங்கோடுகள் கிழக்கு நோக்கி நகர்ந்தன. அவையே குமிழ்கள்.

குற்றாலச் சாரல் காலத்து முகில்கள் இக்காட்சியை மறைத்துவிடும். அருவி மெலிந்த மார்ச், ஏப்ரல் மாதங்களின் நிலவற்ற இரவுகளே ஏற்றவை. இப்பகுதியில் குமிழ்கள் மிகுதியாக எழுவதும் இத்தகைய சம இரவுக் காலங்களிலேதான். சூரியக் கறைகள் பெருகும் ஆண்டுகளில் அவை மேலும் மிகும்.

இது ஆய்வறைக்குள் அடங்கும் செய்தியன்று. செயற்கைக்கோளின் வானொலி அலை குமிழைக் கடக்கும்போது விண்மீன் போல மினுங்கும். சிலவேளை அறுந்தும் போகும். அந்த அலையை நம்பி இருட்கடலில் இடமறிந்து செல்பவனுக்கு அக்கணம் சிறியதன்று.

குற்றாலத்துச் சித்திரசபையில் கூத்தன் ஓவியமாக நின்றே ஆடுகிறான். அசையாச் சுவரில் ஆடலைக் காணப் பழகிய மண் இது. தலைக்கு மேலுள்ள ஆடலை மட்டும் அது காணாதிருத்தல் தகுமோ? பத்தாண்டுகள் கவிதை வளர்த்த இவ்வட்டத்தின் கவிஞர்கள், இரவு வானை 'வெறுவெளி' என்று எழுதுமுன் ஒரு கணம் தயங்குவார்களாக. அத்தயக்கத்திலிருந்து ஒரு புதிய சொல் பிறக்கலாம்.