பெடலை மிதிச்சேன், வண்டி கேட்கல

இந்த எபிசோடு கார் பத்தி. எந்த மாடல் வாங்கலாம், எவ்வளவு மைலேஜ் தரும்ங்கிற பேச்சு இல்ல. ஓடிக்கிட்டிருக்கிற கார், நடுரோட்டுல, மிதிச்சாலும் போகாம நின்னா என்ன நடந்திருக்கும், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிறது.

என் நண்பன் ஒருத்தன் ஒரகடத்துல ஷிப்ட் வேலை பார்க்கிறான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஹேட்ச்பேக், இன்னும் ரெண்டு வருஷம் இஎம்ஐ பாக்கி. ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு, கூட வேலை பார்க்கிற மூணு பேரை ஏத்திக்கிட்டு சென்னை பக்கம் வர்றான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வந்தாச்சு. அந்த நேரத்துல அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸுங்க வரிசையா வெளிய வரும், புதுக் கார் ஏத்தின நீள ட்ரெய்லர் பாதி ரோட்டை அடைச்சுத் திரும்பும், இடுக்குல எல்லாம் பைக். இவன் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ண வலது பக்கம் ஏறியிருக்கான். பாதியில ஆக்சிலரேட்டர் செத்துப்போச்சு. இன்ஜின் ஓடுது, ஏசி ஓடுது, பாட்டு கூட ஓடுது. மிதிச்சா மட்டும் ஒண்ணும் இல்ல. டேஷ்போர்டுல மஞ்சள் லைட். பின்னாடி பஸ்காரர் ஹாரன்ல கையை வச்சவர் எடுக்கவே இல்ல.

எப்படியோ இடது ஓரம் வந்து சேர்ந்துட்டான். அங்கிருந்துதான் எனக்கு போன். "டேய், புது பார்ட்டும் போயிடுச்சுடா. 19,500 ரூபாய்டா."

விஷயம் என்னன்னா, இது ரெண்டாவது தடவை. முதல் தடவை நின்னப்போ ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டிருக்கான். ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, த்ராட்டில் பாடி போயிடுச்சுன்னு சொல்லி மாத்திக் கொடுத்திருக்காங்க. பத்து நாள் வண்டி நல்லா ஓடிச்சு. இந்தப் பத்து நாளை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

எனக்கு ஏன் போன் பண்ணான்னா, நான் நாலு வருஷம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்ல ஒரு வயரிங் ஹார்னஸ் யூனிட்ல குவாலிட்டி செக்கிங் பார்த்தவன். ஹார்னஸ்னா கார் முழுக்க ஓடுற வயர்க் கட்டு. காருக்கு நரம்பு மண்டலம்னு வச்சுக்கோங்களேன். அந்த நாலு வருஷத்துல நான் கத்துக்கிட்டது, எந்தப் பழுதா இருந்தாலும் பார்ட் மேல பழி போடுறதுக்கு முன்னாடி வயர் மேல சந்தேகப்படுறது. இது கொஞ்சம் தொழில் வியாதிதான். ஆனா பல தடவை காப்பாத்தியிருக்கு.

சரி, இந்த எலக்ட்ரானிக் த்ராட்டில் என்ன பண்ணுதுன்னு முதல்ல பார்த்துடலாம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில இருந்து 1998ல வந்த முதல் சான்ட்ரோவில ஆக்சிலரேட்டர்னா ஒரு கேபிள். கால் மிதிச்சா கேபிள் இழுக்கும், அந்தப் பக்கம் இன்ஜினுக்குக் காத்து போற வழியில இருக்கிற வட்டத் தட்டு திறக்கும். சைக்கிள் பிரேக் மாதிரி நேரடி விஷயம். இன்னிக்கு வர்ற பெட்ரோல் கார்கள்ல அந்தக் கேபிள் கிடையாது. பெடல்ல சென்சார் இருக்கு. நீங்க எவ்வளவு மிதிச்சீங்கன்னு அது ஈசியுவுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, வோல்டேஜ்ல சொல்லும். ஈசியு யோசிச்சு, த்ராட்டில் பாடியில இருக்கிற குட்டி மோட்டாரை இயக்கித் தட்டைத் திறக்கும். நீங்க மிதிக்கிறது கட்டளை இல்ல, கோரிக்கை. மனு கொடுக்கிறீங்க, மேலிடம் பரிசீலிக்குது.

மேலிடம் எதையும் சுலபத்துல நம்பாது. அதனால பெடல்ல ஒரு சென்சாருக்கு ரெண்டு. தட்டோட அச்சுலயும் ரெண்டு. ரெண்டும் ஒரே மாதிரி பேசக் கூடாதுன்னு வேணும்னே வேற வேற கணக்கு வச்சிருப்பாங்க. பல கார்கள்ல பெடலோட ரெண்டாவது சிக்னல், முதல் சிக்னல்ல பாதி. தட்டுல இருக்கிற ரெண்டுல ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும், கூட்டினா எப்பவும் கிட்டத்தட்ட 5 வோல்ட் வரணும். கணக்கு தப்பினா ஈசியு ரெண்டு பேரையும் நம்பாது. மோட்டாருக்குப் போற கரண்டை நிறுத்திடும். உடனே ஸ்ப்ரிங் தட்டைக் கொஞ்சமா திறந்த ஒரு நிலைக்குக் கொண்டு போயிடும். முழுசா மூடாது, மூடினா இன்ஜின் நின்னுடும். வண்டி ஊர்ந்து ஓரம் போற அளவுக்கு மட்டும் காத்து. இதுக்குப் பேர்தான் லிம்ப் மோட், நொண்டி ஓட்டம். அன்னிக்கு இவன் கார் செத்துப்போகல. சந்தேகம் வந்து, பாதுகாப்பா இருக்கட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. லாரிக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்கு அது ஆறுதல் இல்லதான்.

மறுநாள் ஞாயிறு. கார் சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பிச்சுது. மெதுவா சர்வீஸ் ரோட்லயே ஓட்டி, தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் கடைக்குக் கொண்டு போனோம். அவர் கடையில உட்கார்ந்தா, காத்து வாட்டத்துக்கு, ரேஸ் ட்ராக்ல பைக் கத்துற சத்தம் கேட்கும். 1990ல இருந்து ஓடுற ட்ராக். அங்க ஓட்டுறவங்க த்ராட்டிலை எவ்வளவு வேகமா திறக்கலாம்னு கவலைப்படுறாங்க. நாங்க இங்க அது திறந்தா போதும்னு.

ஸ்கேனர் மாட்டினதும் நான் அண்ணன்கிட்ட சொன்ன முதல் விஷயம், "அண்ணே, எதையும் அழிச்சுடாதீங்க." கோடை அழிச்சா லைட் போயிடும், கூடவே ஆதாரமும் போயிடும். முதல்ல ஸ்க்ரீனை போட்டோ எடுத்துக்கணும். கோடு வந்த நொடியில வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, பேட்டரி வோல்ட் என்னன்னு ஈசியு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருக்கும், அதையும் பார்க்கணும்.

மூணு கோடு இருந்துச்சு. பி0122, பி0222, பி0642. முதல் ரெண்டும் த்ராட்டில் சென்சார் ஒண்ணும் ரெண்டும் வோல்டேஜ் ரொம்பக் கம்மியா காட்டுதுன்னு சொல்ற கோடு. மூணாவது, சென்சார்களுக்குக் கொடுக்கிற 5 வோல்ட் சப்ளையே விழுந்துடுச்சுங்கிற கோடு. நண்பன் பழைய ஒர்க்‌ஷாப் பில்லோட பின் பண்ணியிருந்த ஸ்கேன் பேப்பரைக் காட்டினான். அதுலயும் இதே மூணுதான். முதல் ரெண்டைப் படிச்சவங்க மூணாவதைப் படிக்கல.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தட்டுல இருக்கிற ரெண்டு சென்சாரும் எதிரெதிரா பேசுறவங்க. ஒருத்தர் ஏறினா இன்னொருத்தர் இறங்கணும். ரெண்டு பேரும் ஒரே நொடியில கீழ விழுந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா செத்துட்டாங்கன்னு நினைக்கிறதா, இல்ல ரெண்டு பேருக்கும் சோறு போடுற கை நின்னுபோச்சுன்னு நினைக்கிறதா? வீட்ல ஃபேனும் லைட்டும் ஒரே நேரத்துல அணைஞ்சா நாம புது ஃபேன் வாங்க ஓடுறதில்ல. ஃபியூஸ் பார்ப்போம்.

கோடு சொல்றது ஈசியு என்ன பார்த்துச்சுன்னு. எந்தப் பார்ட்டை வாங்கணும்னு அது சொல்றதில்ல. காய்ச்சல் 102ன்னு தெர்மாமீட்டர் காட்டினா, அது டெங்குவா டைபாய்டான்னு தெர்மாமீட்டருக்குத் தெரியாதில்லையா.

அடுத்தது மல்டிமீட்டர். முதல்ல பேட்டரி, எர்த். பேட்டரி வீக்கா இருந்தாலும், பாடிக்குப் போற எர்த் வயர் துருப்பிடிச்சிருந்தாலும் இந்த மாதிரி கோடெல்லாம் கும்பலா வரும். ரெண்டும் நல்லா இருந்துச்சு. அப்புறம் த்ராட்டில் கனெக்டரைக் கழட்டாம, பின்பக்கமா மெல்லிய பின் விட்டு 5 வோல்ட் வயரைப் பார்த்தோம். 5.02. நல்லா இருக்கு. பெடலை மெதுவா மிதிச்சுப் பார்த்தா ரெண்டு சிக்னலும் கூட்டிக் கழிச்சுச் சரியா வருது. எல்லாமே நல்லா இருக்கு. வந்து வந்து போற பழுதுல இருக்கிற கொடுமையே இதுதான். டாக்டர்கிட்ட போனதும் பல்வலி நின்னுபோகும் பாருங்க, அது மாதிரி.

அதனால மீட்டரை அப்படியே விட்டுட்டு, நான் வயர்க் கட்டை இடம் இடமா பிடிச்சு மெதுவா ஆட்ட ஆரம்பிச்சேன். அண்ணன் மீட்டரைப் பார்த்துக்கிட்டு இருக்கார். த்ராட்டில் பக்கம் ஆட்டினேன், அசையல. ஈசியு பக்கம், அசையல. பேட்டரிக்குக் கீழ, அசையல. அரை மணி நேரம் ஆச்சு. நண்பன் டீ வாங்கப் போயிட்டான். ரேடியேட்டர் பக்கம் முன்னாடி போற கிளையைத் தொட்டதும் அண்ணன் கத்தினார், "விழுந்துச்சு, விழுந்துச்சு!" 5.02ல இருந்து 0.2. கையை எடுத்தா மறுபடி 5.02.

அந்தக் கிளை போறது ஏசி பிரஷர் சென்சாருக்கு. த்ராட்டிலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. அந்த வண்டியில ரெண்டுக்கும் ஒரே 5 வோல்ட் லைன். ஒரு தெருவுல ஒரு வீட்ல குழாய் உடைஞ்சா மத்த வீட்டுலயும் தண்ணி வராது, அவ்வளவுதான். டேப்பைப் பிரிச்சுப் பார்த்தா, வயர் ஒரு இரும்பு பிராக்கெட்டோட ஓரத்துல உரசி உரசித் தோல் போய், செம்பு மின்னுது. வண்டி நல்லா இழுக்கும்போது இன்ஜின் தன் மவுண்ட் மேல கொஞ்சம் சாயும், கூடவே கட்டும் அசையும், செம்பு இரும்பைத் தொடும். அதனாலதான் ஓவர்டேக் பண்றப்போ வந்துச்சு. வீட்டு வாசல்ல ஒரு நாளும் வரல.

அந்த இடத்துல ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருந்திருக்கணும். துளை இருக்கு, கிளிப் இல்ல. பம்பரைக் கூர்ந்து பார்த்தா பெயிண்ட் லேசா வேற நிறம். முதல் ஓனர் காலத்துல எங்கயோ மோதி, முன்பக்கம் கழட்டி மாட்டியிருக்காங்க. கிளிப்பைத் திரும்ப மாட்டல. ஹார்னஸ் யூனிட்ல நாங்க வயர் சரியா போகுதான்னு மட்டும் பார்க்கிறதில்ல, கிளிப் எந்த இடத்துல உட்காரணும்ங்கிறதையும் அளந்து பார்ப்போம். இதுக்கு ஏன் இவ்வளவு அலப்பறைன்னு வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானே நினைச்சிருக்கேன்.

அந்தப் பத்து நாள் கணக்கு இப்போ புரிஞ்சிருக்கும். புது த்ராட்டில் பாடி மாட்டும்போது அங்க இங்க கை பட்டு வயர் கொஞ்சம் நகர்ந்திருக்கு. பத்து நாள் கழிச்சு ஆட்டத்துல பழைய இடத்துக்கே வந்துடுச்சு. பார்ட் மாத்தினதும் சரியாகிறதால அந்தப் பார்ட்தான் குற்றவாளின்னு ஆகிடாது.

இதைப் பெரிய அளவுல உலகமே பார்த்த கதை ஒண்ணு இருக்கு. 2009, 2010 வாக்குல அமெரிக்காவுல டொயோட்டா கார்கள் தானா வேகம் எடுக்குதுன்னு பெரிய புகார். எலக்ட்ரானிக் த்ராட்டில்தான் காரணம்னு நிறைய பேர் நம்பினாங்க. அரசு நாசா பொறியாளர்களையே கூப்பிட்டுச்சு. 2011 பிப்ரவரியில அறிக்கை வந்தது. பெரிய அளவுல தானா வேகம் எடுக்க வைக்கிற எலக்ட்ரானிக் பழுது எதையும் அவங்களால காட்ட முடியல. டொயோட்டா கார்களைத் திரும்ப அழைச்சதுக்கான காரணங்கள்ல முக்கியமானது ரெண்டு: திரும்பி வராம ஒட்டிக்கிற பெடலும், பெடலைப் பிடிச்சுக்கிற தரை மேட்டும். நம்ம ஊர்ல மேட்டு மேல மேட்டு போட்டு ஓட்டுறவங்க கவனிங்க. ஆனா அதே ஆய்வுல, சில பெடல் சென்சார்களுக்குள்ள தகரத்துல இருந்து தலைமுடியை விட மெல்லிசா இழை வளர்ந்து, ரெண்டு சிக்னலையும் தொட வைக்கிறதையும் பார்த்தாங்க. ரெண்டு சிக்னலுக்கு வேற வேற கணக்கு ஏன்னு இப்போ தெரியுதா? ஒண்ணு இன்னொண்ணுல பாதியா இருக்க வேண்டிய இடத்துல ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டா, உடனே பொய் தெரிஞ்சுடும்.

த்ராட்டில் பாடியே கெட்டுப்போகிற கேஸும் உண்டு, இல்லன்னு சொல்லல. அடிக்கடி வர்றது தட்டோட விளிம்புல கரி படியுறது. ஐடிலிங் ஆடும், சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் அணையும். சுத்தம் பண்ணாலே போதும். யூடியூப் பார்த்து நீங்களே பண்றதா இருந்தா ஒண்ணு சொல்றேன். சாவி ஆன்ல இருக்கும்போது தட்டுக்குள்ள விரலை விடாதீங்க, மோட்டார் விரலைப் பார்த்து நிறுத்தாது. ஆஃப்ல இருந்தாலும் விரலால தள்ளித் திறக்காதீங்க, உள்ள இருக்கிறது பிளாஸ்டிக் பல்சக்கரம். சுத்தம் பண்ண பிறகு ஐடில் ரீலேர்னிங்னு ஒண்ணு பண்ணணும், முறை வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்க. இது போக மழைத் தண்ணி இறங்கின கனெக்டர், எலி கடிச்ச வயர். சென்னையில எலியை நான் முதல் மூணு சந்தேகத்துக்குள்ளயே வச்சிருக்கேன்.

ரோட்ல இது நடந்தா, பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும், அதை நம்புங்க. இன்ஜினை ஓடவிட்டே, ஹசார்டு போட்டு, மெதுவா இடது ஓரம். நின்ன பிறகு ஆஃப் பண்ணி, அரை நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட். சரியாயிட்டாலும் ஹைவேயில திரும்ப ஏறாதீங்க. ஒர்க்‌ஷாப்ல "என்ன கோடு"ன்னு மட்டும் கேட்காதீங்க. "5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் அளந்தீங்களா, எவ்வளவு வந்துச்சு"ன்னு கேளுங்க. அளந்தவர் நம்பர் சொல்லுவார்.

நண்பன் வண்டியில வயரை வெட்டி, புது துண்டு சேர்த்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, டேப் சுத்தி, கிளிப் மாட்டினோம். அண்ணன் 600 ரூபாய் வாங்கிக்கிட்டார், டீக்காசு தனி. ரெண்டு மாசமா வண்டி அதே ரோட்ல ஓடுது. ஒர்க்‌ஷாப்ல கழட்டிக் கொடுத்த பழைய த்ராட்டில் பாடியை நான் வாங்கி வச்சிருக்கேன். இப்போ இந்த மைக்குப் பக்கத்துலதான் இருக்கு. 9 வோல்ட் பேட்டரியை அதோட மோட்டார் பின்ல தொட்டேன்னா... கேட்டுச்சா? அந்த டக்குன்னு ஒரு சத்தம்? தட்டு திறந்து மூடுது.