அறுவைக்குப் பின்னும் ஆறாத அச்சம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, கட்டி முழுவதும் எடுத்தாயிற்று என்று மருத்துவர் சொன்ன பிறகும் உறக்கமின்றிக் கிடப்போர் நம் மஹல்லாவிலும் உண்டு. முதுகில் சிறு வலி கண்டால் நோய் எலும்பில் பரவிவிட்டதோ எனக் கலங்குகின்றனர். சிலர் தழும்பைச் சுற்றி நாளுக்குப் பத்து முறை தடவிப் பார்க்கின்றனர். சிலரோ ஸ்கேன் எடுக்கும் தேதி நெருங்கினாலே ஏதேனும் சொல்லித் தள்ளிப்போடுகின்றனர். இரண்டிற்கும் வேர் ஒரே அச்சந்தான்.

இவர்களை நோக்கி, "ஈமானில் பலம் போதாது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது நியாயமன்று. சூனியக்காரர்களின் கயிறுகள் நெளிவதாகத் தோன்றியபோது மூஸா (அலை) அவர்களின் உள்ளத்திலும் அச்சம் எழுந்ததைத் திருக்குர்ஆன் கூறுகின்றது. நம் வீட்டார்க்கு அச்சம் எழுந்தால் அதைக் குறையாக எண்ணலாகுமா?

உளச்சிகிச்சை மேனாட்டுச் சரக்கு என்போரும் உளர். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அவசரத்திற்கென மருந்தைச் சேமித்து வைப்பது போல, கலக்கம் வரும் வேளைக்கென நல்ல எண்ணங்களை முன்கூட்டியே சேர்த்து வைக்குமாறு அதில் அறிவுறுத்துகின்றார். 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக் வகுத்த அறிதல் நடத்தைச் சிகிச்சையும் எண்ணத்தைத் திருத்தி அச்சத்தைத் தணிப்பதையே வழியாகக் கொண்டது.

'வலிக்கிறது, ஆகவே நோய் திரும்பிவிட்டது' என்னும் எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்குச் சான்று என்ன, வேறு காரணம் இருக்கலாமா என்று சிகிச்சையாளருடன் ஆராய்கின்றனர். (முந்தின நாள் தூக்கிய அரிசி மூட்டையாகவும் இருக்கலாம்!) தடவிப் பார்ப்பதை மருத்துவர் சொன்ன அளவிற்குச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றனர். கவலைக்கென நாளில் கால்மணி நேரம் ஒதுக்கி, மற்ற வேளைகளில் எழும் கவலையை அந்நேரத்திற்கு ஒத்திவைக்கப் பழகுகின்றனர். அச்சம் அடியோடு அழிந்துவிடாது. ஆனால் தொழுகையையும் தொழிலையும் உறக்கத்தையும் கெடுக்கும் வேகம் தணியும். ஒன்றை மறத்தலாகாது: தீராத வலி, புதிய கட்டி, காரணம் புரியாத எடைக்குறைவு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். உளச்சிகிச்சை ஸ்கேனுக்கு மாற்றன்று.

நலம் விசாரிக்கச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். "இன்னாருக்கும் இதேதான், ஆறே மாதத்தில் மௌத்தாகிவிட்டார்" என்னும் கதைகளை வாசலிலேயே விட்டுச் செல்லுங்கள்!

1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளரின் உளநலத்திற்கெனத் தனித்துறை உள்ளது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர், 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.