பதின்மூன்றாவது எண்



நம் பொட்டிபுரம் என்றாலே வெளியூர்க்காரருக்கு நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் ஞாபகம் வருகிறது. 2015 ஜனவரியில் மத்திய அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்ததிலிருந்து அம்பரப்பர் மலைக்குள் என்ன நடக்கும் என்று நாம் பேசாத பேச்சில்லை. பேச வேண்டியதுதான். அடுத்த மாதமே இன்னொன்றும் வந்தது: நம் மண்ணைச் சோதித்துத் தரும் மண்வள அட்டைத் திட்டம். அட்டையை வாங்கி பீரோவில் வைத்தோம், அதோடு சரி.

அந்த அட்டையில் 12 எண்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, துத்தநாகம், கரிமச்சத்து, கார அமில நிலை... பெரும்பாலும் இருப்புக் கணக்கு. பத்தாயத்தில் நெல் கிடந்தால் போதுமா, குத்திப் புடைக்க ஆள் வேண்டாமா? மண்ணுக்குள் அந்த ஆள்தான் நொதி. நுண்ணுயிரும் வேரும் சுரப்பது. அது அட்டையில் இல்லை.

மேலே ஏலக்காட்டைப் பாருங்கள். புளிப்பு மண். நாம் போடுகிற மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். மக்கிலே கட்டுண்ட மணிச்சத்தைப் பிரித்துச் செடிக்குத் தருவது பாஸ்படேஸ் என்ற நொதி. அதைச் சுரக்கும் நுண்ணுயிருக்குத் தீனி சருகு. சருகு கொடுப்பது நிழல் மரம். முருக்கு இலை சீக்கிரம் மக்கும், சில்வர் ஓக் இலை கிடந்து கிடந்து மக்கும். ஒரே மரமாக வரிசை நட்டுவிட்டு, "நிழல்தான் இருக்கிறதே" என்பவரோடு எனக்கு வழக்கு உண்டு.

வெயில் விழுந்தால் காய் கூடும் என்று கிளையை மொட்டையடிக்கிறார்கள். காய் கூடவும் செய்யலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஏலத்தின் வேர் மேல்மண்ணிலேயே படர்வது. அந்த மண் காய்ந்தால் நொதிதான் முதலில் சரியும். கரிமச்சத்து எண் இறங்கப் பல வருடம் ஆகும். அதுவரை அட்டை நல்ல பிள்ளையாகவே இருக்கும்.

நொதியை அளப்பது பெரிய வித்தை இல்லை. டிஹைட்ரஜனேஸ் சோதனையில் ஈர மண்ணோடு நிறமில்லாத ஓர் உப்புக் கரைசலைக் கலந்து 37 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைப்பார்கள். நுண்ணுயிர் சுறுசுறுப்பாக இருந்தால் செக்கச்செவேலென்று சிவக்கும். ஓய்ந்துபோன மண் வெளிறியே கிடக்கும். ஓர் எச்சரிக்கை: போர்டோ கலவை அடித்து அடித்துத் தாமிரம் சேர்ந்த மண்ணில் இது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அங்கே பாஸ்படேஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போடிமெட்டு ஏறி இறங்கினால் இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978-லிருந்து இருக்கிறது. நிழல் கழித்த தோட்டம் ஒன்று, கழிக்காதது ஒன்று. இரண்டிலும் ஒரே நாளில், ஒரே ஆழத்தில் மண் எடுங்கள். வெயிலில் காயவிடாமல் ஐஸ் பெட்டியில் அந்த நிலையத்துக்குக் கொண்டுபோவோம். அட்டையின் பன்னிரண்டு எண்களுக்குப் பக்கத்தில் நொதியின் எண்ணையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். மனு எழுதி வைத்திருக்கிறேன், மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது. தோட்டம் உள்ளவர்கள் மட்டுமல்ல, அங்கே வேலை பார்ப்பவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.